ஐம்பதாவது டாஸ்க்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் என் கணவரின் மூத்த அண்ணன். துபாயில் இருக்கிறார். என் மகளுக்குப் பெரிய வாப்பா. காலையில் அவரிடமிருந்து ஓர் எச்சரிக்கை வரவில்லை என்றால் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். பிளாஸ்டிக் அரிசி, பிளாஸ்டிக் முட்டை, போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவருக்கு நேர்ந்த கதி, இன்றிரவு பூமியை உரசிக்கொண்டு போகப்போகும் கதிர்கள், எல்லாம் அவர் கையால்தான் எங்களுக்கு வந்து சேரும். ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கரையில் மரக்கலங்கள் சரக்கு இறக்குமாம். இப்போது இறங்குகிற சரக்கு இதுதான்.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சொன்னதைச் செய்வோம். கதிர்கள் வந்த இரவு போன்களை எல்லாம் அணைத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தேடி மறுநாள் பாதியைக் கழித்தோம். என் கணவரின் அக்கா வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்றார். தின்ற வரைக்கும் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எங்கோ இருக்கும் ஒருவர் போன் வழியாகச் சொன்னதை ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்து முடிப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் ஊர் ஏர்வாடிக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். அப்படிப் போவதைச் சபர் என்போம். பயணம் என்று அர்த்தம். போனவர் முப்பது வருடம் அங்கேயே கிடந்தாலும் அது பயணம்தான். பொறுமைக்கு எங்களிடம் சபூர் என்று பெயர். கல்யாணமான மறுமாதத்திலிருந்து என் கணவருக்குச் சபர், எனக்குச் சபூர். ஓரெழுத்துதான் வித்தியாசம் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். சிரிக்காமல் சொன்ன நாட்களும் உண்டு.

அவர் சவுதியில் ஒரு டீக்கடையில் வேலை பார்க்கிறார். கடை பூட்ட அங்கே நள்ளிரவு தாண்டிவிடும். அங்கே கடை பூட்டுகிற நேரம் இங்கே சுபுஹு, அதாவது விடியற்காலைத் தொழுகைக்கு முன்பான நேரம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். ஆகவே வீடு என் பெயரில் இருக்கிறது. வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்கிற கருத்து மட்டும் அவர் வீட்டார் பெயரில் இருக்கிறது.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அடுத்த வருடம் மதுரையில் விடுதியில் தங்கி இயற்பியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குச் சம்மதம். அவளுடைய வாப்பாவுக்கு முக்கால் சம்மதம். பெரிய வாப்பாவுக்கு மட்டும் அறவே பிடிக்கவில்லை. வயசுப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்று சொல்ல அவர் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்ததுபோல் அந்த நேரம் பார்த்து நீலத் திமிங்கலம் வந்தது.

குழுவில் ஒரு குரல் பதிவாகத்தான் வந்தது. யாரோ ஓர் ஆண், அழுகிற குரலில், பெற்றோர்களே பெற்றோர்களே என்று கூப்பிட்டுப் பேசினார். போனில் ஒரு விளையாட்டாம். அட்மின் என்று ஒருவன் பிள்ளைகளுக்கு ஐம்பது டாஸ்க் கொடுப்பானாம். விடியுமுன் நாலு இருபதுக்கு எழுந்திருக்கச் சொல்வானாம். மொட்டை மாடியில் தனியாக நிற்கச் சொல்வானாம். கையில் திமிங்கலத்தைக் கீறிக்கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்வானாம். பாதியில் நிறுத்தினால் உன் ரகசியத்தை வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவானாம். ஐம்பதாவது டாஸ்க்கில் செத்துப்போகச் சொல்வானாம். இப்போது கிண்டலாக எழுதுகிறேன், அன்றைக்கு அடுப்பில் இருந்த ஆணம் கரிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசலுக்கு வந்த மீன்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கூடையை இறக்காமலே கேட்டார்.

"திமிங்கலமா? கரை ஒதுங்குனா நாத்தந்தான் தாங்காது. அது யார என்ன செய்யும் தாயி?"

"இது போனுக்குள்ள வார திமிங்கலம்."

"அப்ப எனக்குத் தெரியாது. நகரை இருக்கு, வேணுமா வேணாமா?"

அன்றைக்கு ஊரில் பதறாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் இருந்தது பட்டன் போன்.

பள்ளிக்கூடத்திலும் பதற்றம் பற்றிக்கொண்டது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முழுக்கைச் சட்டையை மடித்துவிடச் சொல்லி, கையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளின் கையில் கீறல் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கருவேல முள் கீறாத கையை எங்கே போய்த் தேடுவது? என் மகள் கையிலும் ஒன்று இருந்தது. காற்றில் பறந்துபோய்க் கருவேலத்தில் மாட்டிய துப்பட்டாவை எடுக்கப் போய் வாங்கியது. அம்மாக்களை வரச்சொன்னார்கள். நாங்கள் போய் ஆளுக்கொரு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, இது முள், இது பூனை, இது மீன் செதில் தேய்க்கும்போது பட்டது என்று விளக்கம் சொன்னோம். ஒரு டீச்சர் என் மகளின் கீறலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வால் மாதிரி தெரிகிறதே என்றார். அவர் கையிலும் ஒரு கீறல் இருந்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை. டீச்சரிடம் கேட்க முடியுமா?

கீறலுக்குக் காரணம் தெரியும். மற்றவற்றுக்குத்தான் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மகள் செய்ததெல்லாம் திமிங்கலமாகத் தெரிந்தது. கொஞ்ச நாளாகவே அவள் சுபுஹு பாங்குக்கு முன்னால், நான் எழுப்பாமலே, எழுந்துகொண்டிருந்தாள். அதுவரை நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தேன். மாஷா அல்லாஹ், என் மகள் தானாகவே தொழுகைக்கு எழுந்துவிடுகிறாள் என்று. குரல் பதிவைக் கேட்ட பிறகு அந்தப் பெருமையே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பத்து வருடம் கெஞ்சியும் எழாத பிள்ளை இப்போது எப்படி எழுகிறது? எழுந்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். மாடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பாள். நான் போனால் போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வாள்.

மறுநாள் விடியுமுன் பூனைபோல் மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நேத்து டாஸ்க்கே முடிக்கல. பொய் சொல்லாதீக. போட்டோ எங்க? போட்டோ இல்லாட்டி செல்லாது. இன்னைக்கும் அனுப்பலன்னா வீட்டுல சொல்லிருவேன், பாத்துக்கிருங்க."

மகள் அந்த விளையாட்டில் மாட்டிக்கொண்டாளோ என்று பயந்துகொண்டு ஏறினேன். அட்மினே இவள்தானா என்று நடுங்கிக்கொண்டு இறங்கினேன். யார் பெற்ற பிள்ளையையோ சாகச் சொல்ல என் மகள் கற்றுக்கொண்டுவிட்டாள். அதிலும் 'சொல்லாதீக' என்று மரியாதையாகத்தான் மிரட்டினாள். வளர்ப்பு அப்படி.

அவளிடம் நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. கணவருக்கு அழுதுகொண்டே ஒரு பதிவு அனுப்பினேன். சாதாரணமாக மகள் இருமினாலே ஆஸ்பத்திரிக்குப் போ என்று பத்து முறை போன் செய்கிற மனிதர். அன்றைக்கு, "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, விடு. புள்ளய ஒண்ணுங் கேக்காத" என்று முடித்துக்கொண்டார். இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு அடுத்த கவலை பிடித்தது.

நான் வெளியே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கணவரின் அக்கா, பூண்டு தின்றவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் வீட்டு மாடியிலிருந்து எங்கள் வீட்டு மாடி தெரியும். திமிங்கலம் பற்றிய பதிவைக் கேட்டதிலிருந்து அவர் விடியுமுன் எழுந்து தம் மாடியில் நின்று, யார் யார் வீட்டுப் பிள்ளைகள் மாடிக்கு வருகின்றன என்று கவனித்துக்கொண்டிருந்தார். நாலு இருபதுக்கு எழுந்து மொட்டை மாடியில் தனியாக நிற்பதுதான் அடையாளம் என்றால் ஊரில் முதல் சந்தேகம் அவர் மேல்தான் வந்திருக்க வேண்டும். அது அவருக்குத் தோன்றவில்லை. என் மகளைப் பார்த்தார், குழுவில் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பஞ்சாயத்து கூடியது. துபாய்க்கு ஒரு போன், சவுதிக்கு ஒரு போன். இரண்டையும் கட்டிலில் இரண்டு தலையணைமேல் எதிரெதிரே சாய்த்து வைத்தோம். இரண்டு அண்ணன் தம்பிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. கட்டில் விளிம்பில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன். மகள் அலமாரியில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய வாப்பா எடுத்த எடுப்பில் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஏலே தம்பி, அந்த போன இன்னைக்கே வாங்கி ஒடைக்கச் சொல்லு. மதுரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பன்னெண்ட முடிக்கட்டும், அது போதும். நல்ல எடத்துல கேட்டு வந்திருக்காக. என்ன சொல்ற?"

சவுதித் தலையணையில் கணவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மகளிடம் திரும்பினார். "யாருகிட்டதான் பேசுற? சொல்லிரு தாயி. மாமி ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்."

"போன ஒடச்சிருவாக."

"ஒடைக்கட்டும்."

"மதுரை போயிரும், புள்ள" என்று நான் சொன்னேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கல்லூரியின் படத்தைப் படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துபாய்த் தலையணையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சவுதித் தலையணையையே பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். போகட்டும்."

கணவர் தொண்டையைக் கனைத்தார். "காக்கா" என்றார். அண்ணனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். "அவ ஒண்ணும் வெளையாடல, காக்கா."

"நீ மகளுக்குப் பரிஞ்சு பேசாத."

"அவ அட்மின். வெளையாடுறது நான்."

பெரிய வாப்பா, "ஹலோ, ஹலோ, லைன் சரியில்ல. என்ன சொன்ன?" என்றார். லைன் கண்ணாடிபோல் இருந்தது. கணவர் இன்னொரு முறை சொல்ல வேண்டி வந்தது.

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ், இந்த வயசுலயா? கையில என்னத்தக் கீறி வச்சிருக்க? காட்டு!"

"கையில இல்ல ராத்தா. வெரல்ல."

விரல் நுனிகளை விரித்துக் காட்டினார். ஊசி குத்திய புள்ளிகள். போனில் தெளிவாகத் தெரியவில்லை, ஆனாலும் சர்க்கரை பார்க்கிற ஊசி என்று நான் புரிந்துகொண்டேன். என் வாப்பாவின் விரலில் அந்தப் புள்ளிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கடையில் ஒரு நாள் மயங்கி விழுந்திருக்கிறார். ரத்தம் சோதித்திருக்கிறார்கள். வந்த காகிதம் இங்கிலீஷில் இருக்கவே, படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது, உம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்றிருக்கிறார். நாள் முழுக்கச் சீனி அள்ளிப் போட்டு டீ ஆற்றுகிறவர், ஆற்றுகிற கையோடு குடிக்கவும் செய்வார். குறைக்கச் சொல்லி மகள் கெஞ்சியிருக்கிறாள், சண்டை பிடித்திருக்கிறாள். ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே குடித்திருக்கிறார். அப்போதுதான், எங்கள் குழுவுக்கு வருவதற்கு முன்பே, பள்ளிக்கூடத்தில் திமிங்கலத்தைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள்.

"யாரோ முன்னப்பின்ன தெரியாதவன் சொன்னா அம்பது நாள் கேக்குறாகளாம்" என்றாள் மகள். வாக்கிலிருந்து விடுபட்டதும் வார்த்தை கொட்டியது. "பெத்த மக சொன்னா ஒரு நாள் கேக்க மாட்டேங்குறாகளேன்னு இருந்துச்சு. அதான் நானும் டாஸ்க்குன்னு சொன்னேன். நிறுத்துனா உம்மாகிட்ட சொல்லிருவேன்னு சொன்னேன். அப்பறந்தான் கேட்டாக."

சீனி இல்லாத டீ ஒரு டாஸ்க். மாத்திரை அட்டையைப் படம் பிடித்து அனுப்புவது ஒரு டாஸ்க். கடை பூட்டியதும் முதலாளியின் காரில் ஏறாமல் அறைவரை நடந்து, அறை வாசற்படியில் செருப்போடு நிற்கிற பாதங்களைப் படம் எடுத்து அனுப்புவது தினப்படி டாஸ்க். ஊரையே நடுங்கவைத்த அந்த போனில் இருந்ததெல்லாம் அவள் வாப்பாவின் பாதங்கள்தான்.

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் மறைத்தாரே என்று அவர்மேல், கூட்டுச் சேர்ந்தாளே என்று இவள்மேல். பிறகு அழுகை வந்தது. இத்தனை வருடச் சபூரில் நான் எதைத் தாங்கவில்லை, இதைத் தாங்க மாட்டேன் என்று நினைத்துவிட்டாரே. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டிவிடுவேன் என்று, தலையணையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் மன்னிப்புக் கேட்டார்.

அட்மின் என்றால் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அல்லவா? பெரிய வாப்பா சுதாரித்துக்கொண்டார். "அதெல்லாம் சரி. அந்த வெளையாட்டுல கடைசி டாஸ்க்குல சாகச் சொல்லுவானாம்ல? நீ கடைசியில என்ன சொல்லப்போற?" என்று மகளிடம் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

"இன்னும் வாப்பாகிட்ட சொல்லல."

"இப்பச் சொல்லு."

"அம்பதாவது டாஸ்க்கு, சபர முடிச்சிட்டு ஊருக்கு வாரது."

நான் இரண்டு தலையணைகளையும் பார்த்தேன். ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் அவருக்கும் முன்னே மீசை அரும்புகிற வயதில் விமானம் ஏறிய அவருடைய அண்ணன். இந்த முறை லைன் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டீ போடவா என்று என்னிடம் கேட்டார். சீனி இல்லாமல் என்று நான் சொன்னேன்.

போன் உடைபடவில்லை. மதுரைக்குப் போகட்டும் என்று பெரிய வாப்பாவே சொன்னார். சொல்லிவிட்டு, விடுதி மாணவிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை என்று ஒரு நீண்ட பதிவைக் குழுவில் போட்டார். கொஞ்ச நாள் கழித்து, குழுவில் போடாமல் மகளுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தனக்கும் சீனி இருக்கிறதாம், ரொம்பக் கஷ்டமில்லாத டாஸ்க்காகப் பார்த்துக் கொடுக்கணுமாம். இப்போது அட்மினுக்கும் அட்மின் என் மகள்தான்.

திமிங்கலம் வந்த மாதிரியே போய்விட்டது. அதற்குப் பின்னால் போனில் கோரமுகப் பொம்மை ஒன்று வந்தது, அதற்கும் பயந்தோம். மகள் மதுரையில் படித்து முடித்து இப்போது அங்கேயே வேலை பார்க்கிறாள். இடையில் ஒரு நோன்புப் பெருநாளுக்குக் கணவர் வந்தார். மெலிந்து, நிமிர்ந்து, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு. வாசலில் நின்று, "அட்மின், அம்பதாவது டாஸ்க்கும் முடிஞ்சுச்சு" என்று சிரித்தார்.

மகள் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டே கேட்டாள். "திரும்பிப் போறதுக்கு டிக்கெட் போட்டிருக்கீகளா?"

"போட்டிருக்கு."

"அப்ப இது டாஸ்க் இல்ல வாப்பா. லீவு."

அவர் திரும்பிப் போய் வருடங்கள் ஆகின்றன. இன்னும் ஒரே ஒரு வருடம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். சுபுஹுக்கு முன்னால் அந்தப் பாதங்களின் படம் இப்போது மகளுக்கும் எனக்கும் சேர்ந்தே வருகிறது. வந்ததும் நான் பார்ப்பது பாதங்களை இல்லை, அவை நிற்கிற வாசற்படியை. எங்கள் வீட்டுப் படிக்கு இடது ஓரம் உடைந்திருக்கும். நேற்று வந்த படத்திலும் படி உடையாமல்தான் இருந்தது.